மரத்து மெத்தை இன்னும் கடைக்கு வரலீங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல கடைசிப் பக்கத்துல "மரக்கழிவில் இருந்து மெத்தை, பிளாஸ்டிக்குக்கு டாட்டா" அப்படின்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்கல்ல, பேப்பர் மில்லுல மரத்துல இருந்து பிரியற லிக்னின்ல மெத்தை ஃபோம் பண்றாங்கன்னு, அதைப் பத்தித்தான் இந்த லெட்டர். எங்க மாப்ளை பவானில ஃபோம், மெத்தை, சோபா குஷன் கடை வெச்சிருக்காரு. திங்கக்கிழமை காலைல ஷட்டரைத் தூக்கறதுக்குள்ள ரெண்டு பேரு, மதியம் ஒரு டீச்சரம்மா, உங்க பேப்பரை மடிச்சு கைல வெச்சுக்கிட்டு "இந்த மரத்து மெத்தை இருக்குதுங்களா"ன்னு வந்து நிக்கறாங்க. அவருக்கு ஒண்ணும் புரியல, எனக்கு ஃபோன் போட்டு "மாமா, லிக்னின்னா என்னங்க, நீங்க மில்லுல அதுலதான இருந்தீங்க"ன்னு கேட்டாரு. அதுலதான் இருந்தேன். ஒரு பேப்பர் மில்லுல ரெக்கவரி பாய்லர் செக்‌ஷன்ல 31 வருஷம், டெய்லி டன் கணக்குல லிக்னினை எரிச்சவன் நான். அந்த உரிமைல எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், வேண்டாததை நீங்களே வெட்டிக்கங்க.

கட்டுரை முழுசும் தப்புன்னு சொல்ல வரல. லிக்னின்ல இருந்து பாலியூரித்தேன், அதாவது மெத்தை ஃபோம் பண்ற பிளாஸ்டிக்கு, பண்ண முடியுங்கறது உண்மைதான், நாப்பது அம்பது வருஷமா லேப்புல பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. எனக்கு ரெண்டே ரெண்டு வார்த்தை மேலதான் கோவம். ஒண்ணு "கழிவு". இன்னொண்ணு "டாட்டா".

லிக்னின் எங்கயோ ஃபாரின்ல கெடைக்கற சாமான்னு நெனைச்சுக்காதீங்க, உங்க பேப்பர்லயே இருக்குது. எங்க வீட்டுல சமையக்கட்டு ஷெல்ப்புல உங்க பேப்பரைத்தான் விரிப்பாங்க. ஜன்னல் பக்கம் வெயில் படற தட்டுல விரிச்சது கொஞ்ச நாள்லயே டீத்தண்ணி கலருக்கு வந்துரும், தொட்டா ஓரம் பொடியும். அதுக்குப் பக்கத்துலயே பேத்தியோட நோட்டுல இருந்து கிழிச்சுப் போட்ட தாள் வெள்ளை வெளேர்னு அப்படியே கெடக்கும். அந்த வித்தியாசம்தான் லிக்னின். நியூஸ்பிரிண்ட்டுக்குப் பெரும்பாலும் மரத்தை அரைச்சே கூழ் எடுக்கறதால லிக்னின் உள்ளயே தங்கிரும், வெயிலும் காத்தும் பட்டா மஞ்சளாகும். நோட்டுத்தாளுக்கு மரத்தை மருந்துத்தண்ணில வேகவெச்சு லிக்னினை வெளியேத்திட்டு மிச்சத்தை வெளுத்து எடுக்கறாங்க. கடலை மிட்டாய்ல கடலைதான் நாருன்னா அதைப் புடிச்சு வெச்சிருக்கற வெல்லப்பாகுதான் லிக்னின், மரம் நிமுந்து நிக்கறதே அதாலதான். மரத்தோட காஞ்ச எடைல கால்வாசி, மரத்தைப் பொறுத்து முன்னபின்ன இருக்கும்.

இப்ப மில்லுக்கு வாங்க. சவுக்கு, தைலமரம் ரெண்டையும் சில்லு சில்லா வெட்டி டைஜஸ்டர்ங்கற பெரிய குக்கர்ல போட்டு, காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த ஒயிட் லிக்கரை ஊத்தி 160, 170 டிகிரில ஸ்டீம் குடுத்து வேகவெப்போம். கிராஃப்ட் முறைன்னு பேரு, 1879ல டான்சிக் ஊர்ல கார்ல் டால்னு ஒருத்தர் கண்டுபுடிச்சது, இன்னிக்கும் உலகத்துல முக்காவாசி கூழு இப்படித்தான் வருது. வெந்ததும் மரத்துல கிட்டத்தட்ட பாதி கூழா நிக்கும், மீதிப் பாதி லிக்னினும் மத்ததும் கரைஞ்சு தண்ணி கருப்பாயிரும். அதுதான் பிளாக் லிக்கர். எனக்குப் பொண்ணு பாக்கறப்ப புரோக்கர் "பையன் லிக்கர் செக்‌ஷன்ல இருக்காப்ல"ன்னு சொல்லித் தொலைச்சுட்டாரு, பொண்ணு வீட்டுல ஒரு மாசம் பேச்சே இல்ல, அப்பறம் எங்க சித்தப்பா போயி அது குடிக்கற லிக்கர் இல்லீங்கன்னு விளக்கம் சொல்லித்தான் காரியம் நடந்துச்சு.

அந்தக் கருப்புத்தண்ணி கூழைக் கழுவி வர்றப்ப ரொம்ப நீர்த்திருக்கும், நூத்துக்கு பதினஞ்சு பங்குதான் சரக்கு, மீதி தண்ணி. எவாப்பரேட்டர்ல வரிசையா ஏத்தி எறக்கி சுண்டவெச்சு சுண்டவெச்சு எழுபது பங்கு வரைக்கும் கெட்டியாக்கினா கருப்பட்டிப் பாகு மாதிரி ஆகும், அதை ரெக்கவரி பாய்லர்ல பீச்சி அடிச்சு எரிக்கணும். அதுல எரியற சத்துல பெரும்பங்கு லிக்னின்தான். அந்தச் சூட்டுல ஸ்டீமு, ஸ்டீமுல கரண்டு, அந்தக் கரண்டுல மில்லு ஓடுது. அடில நெருப்புக்குழம்பு மாதிரி உருகி ஓடறதுக்கு ஸ்மெல்ட்டுன்னு பேரு, 800 டிகிரிக்கு மேல இருக்கும், அதுல ட்யூப் ஓட்டையாகி தண்ணி விழுந்தா பாய்லரே வெடிச்சுரும், நாங்க ராத்திரி ஷிப்டுல சாமி கும்புடறதே அதுக்குத்தான். அந்த ஸ்மெல்ட்டைக் கரைச்சு, சுண்ணாம்பு போட்டு, மறுபடியும் ஒயிட் லிக்கராக்கி டைஜஸ்டருக்கே அனுப்பிருவோம், போட்ட மருந்துல நூத்துக்கு 95 பங்குக்கு மேல திரும்பி வந்துரும். இப்படிச் சுத்திச் சுத்தி ஓடறதைப் போயி கழிவுன்னு எழுதினா எப்படிங்க? சோறு வடிச்ச கஞ்சிய மாட்டுக்கு ஊத்தற வீட்டுல போயி கஞ்சி வீணாப்போகுதுன்னு சொல்ற மாதிரி இருக்குது. பேப்பர் மில்லுங்கள்ல இருந்து உலகம் பூரா வருஷத்துக்கு 5 கோடி டன்னு லிக்னின் வருதுன்னும் அதுல ரெண்டு சதவீதம் மாதிரிதான் பொருளாகி விக்குதுன்னும் ஒரு கணக்கு எல்லாரும் சொல்றாங்க, உங்க கட்டுரைலயும் இருந்துச்சு, சரிதான், ஆனா மிச்சம் 98ம் சாக்கடைல போகல, அடுப்புல போகுது. எடுத்துட்டீங்கன்னா அந்த அடுப்புக்கு வேற வெறகு யாரு குடுக்கறது, நிலக்கரியா?

அப்பறம் எதுக்கு சுவீடன்காரங்க லிக்கர்ல இருந்து லிக்னினைத் தனியா எடுக்கறாங்கன்னு கேப்பீங்க. அதுல ஒரு சூட்சுமம் இருக்குது. நெறைய மில்லுல கூழை அதிகமாப் பண்ண முடியாம தடுக்கறதே ரெக்கவரி பாய்லர்தான், அதோட வயிறு அவ்ளோதான் கொள்ளும். புதுசா பாய்லர் போட்டா பல நூறு கோடி. அதுக்குப் பதிலா லிக்கர்ல இருந்து லிக்னினைக் கொஞ்சம் முன்னாடியே பிரிச்சு எடுத்துட்டா பாய்லருக்கு பாரம் கொறையும், கூழை ஏத்திக்கலாம், எடுத்த லிக்னினையும் வித்துக்கலாம். அப்படி ஒரு பங்கை எடுக்கலாமே தவிர முழுசும் எடுக்க முடியாது.

எடுக்கறது எப்படின்னா, நான் கண்ணால பாத்தது சொல்றேன். எங்க மில்லு லேப்புல ஒரு கெமிஸ்ட் இருந்தாரு, டிரெய்னிங் பசங்க வந்தா இதைப் பண்ணிக் காட்டுவாரு. பீக்கர்ல கருப்பு லிக்கர், அதுல நீர்த்த சல்ப்யூரிக் ஆசிட்டு சொட்டு சொட்டா விடுவாரு. கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணும் தெரியாது, அப்பறம் தார் கலர்ல இருந்தது டிகாக்‌ஷன் கலருக்கு வரும், திடீர்னு பால் திரியற மாதிரி திரிஞ்சு கட்டி கட்டியா எறங்கும். வடிகட்டி, கழுவி, காயவெச்சா சுக்குப்பொடி மாதிரி பழுப்பு நெறத்துல பொடி. அதுதான் லிக்னின். இதை வீட்டுல யாரும் செஞ்சு பாத்துராதீங்க, ஆசிட்டு விழுந்ததும் அழுகுன முட்டை நாத்தத்தோட ஹைட்ரஜன் சல்பைடு கெளம்பும், அதிகமானா நாத்தமே தெரியாம மூக்கை மரத்துப்போக வெச்சு ஆளை விழுத்தாட்டிரும். ஒருக்கா ஒரு பையன் ஃபியூம் கப்போர்டுக்கு வெளிய வெச்சு ஊத்திட்டான், லேப்பே காலியாகி எல்லாரும் வாசல்ல மூக்கைப் புடிச்சுக்கிட்டு நின்னோம், நல்லவேளை கதவு ஜன்னல் தொறந்திருந்துச்சு.

சுவீடன்ல சால்மர்ஸ் யூனிவர்சிட்டியும் அவங்க பேப்பர் ஆராய்ச்சி நிலையமும் சேந்து இதையே பெரிசாப் பண்ணினாங்க, லிக்னோபூஸ்ட்டுன்னு பேரு. மொதல்ல கார்பன் டை ஆக்சைடு வாயுவை விட்டு பிஎச்சை பத்து கிட்ட கொண்டாந்து திரிய வெக்கறது, வடிகட்டறது, அப்பறம் ஆசிட்டு தண்ணில மறுபடி கலக்கிக் கழுவி எடுக்கறது. 2013ல அமெரிக்கால நார்த் கரோலினா பிளிமத்துல டோம்டார் மில்லுல மொதல் பிளான்ட்டு ஓடுச்சு. 2015ல பின்லாந்துல கோட்கா ஊரு பக்கம் சுனிலா மில்லுல ஸ்டோரா என்சோ கம்பெனி வருஷத்துக்கு 50,000 டன்னு எடுக்கற அளவுக்குப் போட்டாங்க. அல்வார் ஆல்ட்டோன்னு அவங்க ஊரு பேர்போன ஆர்க்கிடெக்ட் 1930கள்ல டிசைன் பண்ணின மில்லு அது, கடலோரத்துல செங்கல் கட்டடம், படத்துல பாக்கவே ஒரு அழகு.

அந்த மில்லை 2023ல நெரந்தரமா மூடிட்டாங்க. ரஷ்யா மரம் 2022ல நின்னுபோச்சு, மரத்துக்குத் தட்டுப்பாடு, வெலை கட்டல, கூழ் நின்னுச்சு, கூழ் நின்னா கருப்பு லிக்கர் ஏது, லிக்னினும் நின்னுச்சு. உங்க கட்டுரைல சுனிலாவைப் பத்தி ஓடிக்கிட்டு இருக்கற மாதிரியே எழுதி இருந்தது, அதைத் திருத்திருங்க. இதை எதுக்கு இழுக்கறேன்னா, லிக்னின் தனியா வெளையற பயிர் இல்ல. கறிக்கடைல தோலு வர்ற மாதிரி, கறி வித்தாத்தான் தோலு. பேப்பருக்கும் அட்டைப்பெட்டிக்கும் கிராக்கி இருக்கற வரைக்கும்தான் இந்தச் சரக்கு.

அடுத்தது டாட்டா விஷயம். இதுல எங்க மாப்ளைதான் எனக்கு வாத்தியார். பாலியூரித்தேன்னா ரெண்டு சரக்கு சேந்தது, ஒண்ணு பாலியால், இன்னொண்ணு ஐசோசயனேட்டு, மார்க்கெட்டுல சுருக்கமா ஐசோம்பாங்க, டிடிஐ எம்டிஐன்னு ரெண்டு ரகம். 1937ல ஜெர்மனில லெவர்குசன்ல ஓட்டோ பாயர்னு ஒருத்தர் கண்டுபுடிச்சாரு, அந்த ஊரு கம்பெனிய ஆரம்பிச்சவரு பேரும் பாயர்தான், ஆனா இவரு அந்தக் குடும்பம் இல்லயாம். மாப்ளை கோல்ட் ரூம் பேனல்ல இடுக்கு அடைக்கற வேலையும் எடுத்துச் செய்யறாரு, ஒரு நாள் பேப்பர் கப்புல ரெண்டையும் ஊத்தி ஐஸ்கிரீம் குச்சில கிண்டிக் காட்டினாரு. தேன் மாதிரி இருந்தது பத்திருவது செகண்டுல வெளுத்து மோராட்டம் ஆச்சு, அப்பறம் பொங்குச்சு பாருங்க, பொங்கப்பானை மாதிரி கப்பை மீறி மேல வந்து அப்படியே நின்னுச்சு, தொட்டா கப்பு சுடுது. பேத்தி கைதட்டுறா, "அப்புச்சி இன்னொண்ணு"ங்கறா.

இதுல லிக்னின் எங்க நுழையுதுன்னா பாலியால் பக்கம். பாலியாலுக்கு வேண்டியது ஹைட்ராக்சில்னு ஒரு கொக்கி, ஐசோ அதைத்தான் புடிச்சுக் கோத்துக்கும். லிக்னின் ஒடம்பு பூரா அந்தக் கொக்கி இருக்குது, அதனாலதான் ஆராய்ச்சிக்காரங்களுக்கு அது மேல அவ்ளோ ஆசை. ஆனா எல்லாக் கொக்கியும் ஒண்ணு போல புடிக்காது, சிலது லிக்னின் சுருண்டு கெடக்கற மடிப்புக்குள்ள மாட்டிக்கிட்டு ஐசோ கைக்கே எட்டாது. பொடியா வர்றதால பாலியால்ல நல்லாக் கரையறதும் இல்ல. கொஞ்சமாப் போட்டா பரவால்ல, அதிகமாப் போட்டா ஃபோம் வரட்டியாட்டம் விறைச்சு பொறுபொறுன்னு ஒடையும். பாலியால்ல நூத்துக்கு இருவது முப்பது பங்கை லிக்னினா மாத்தினாலே பெரிய விஷயம்னு பேசற காலம் ரொம்ப நாள் இருந்துச்சு, இப்ப லேப்புல அதுக்கு மேலயும் போறாங்க. கலரு வேற காப்பி கலருதான் வரும், கிராஃப்ட் லிக்னின்ல கந்தக வாடை மிச்சம் இருக்கும், அந்த வாடைய நான் 31 வருஷம் சட்டைல சுமந்து வீட்டுக்கு வந்தவன், அதுல தலைய வெச்சுப் படுக்கச் சொன்னா யாரு படுப்பாங்க சொல்லுங்க.

இதைச் சரி பண்ண ஒரு வழி இருக்குது, புரோப்பிலீன் ஆக்சைடு சேத்து லிக்னினை தண்ணியாட்டம் பாலியாலா மாத்தறது. அமெரிக்கால வர்ஜீனியா டெக்ல கிளாஸர்னு ஒரு புரொபசர் 1984லயே இதைப் பத்தி வரிசையா எழுதினாரு. நல்ல முறைதான், கொக்கியெல்லாம் நீட்டமாகி வெளிய வந்துரும், ஃபோமும் மெத்துன்னு ஆகும். ஆனா அந்தப் புரோப்பிலீன் ஆக்சைடு எங்கிருந்து வருது? பெட்ரோலியத்துல இருந்து. மரத்தை பாலியாலா மாத்தறதுக்கே எண்ணெய்க் கெணறு வேணும்.

மறுபாதி ஐசோவைப் பத்தி உங்க கட்டுரைல ஒரு வரி கூட இல்ல, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். அது முழுக்க பெட்ரோலியம் சரக்கு, பாஸ்ஜீன் விஷவாயு வழியாத்தான் தயாராகுது. அதே 1984 டிசம்பர்ல போபால்ல கசிஞ்சது மெத்தில் ஐசோசயனேட்டு, அது பூச்சிமருந்துக்கு வெச்சிருந்தது, ஃபோமுக்கு உள்ளது இல்ல, நம்ம எம்டிஐ அப்படி லேசுல ஆவியாகாது, முழுசா கெட்டியான மெத்தைல அந்த பயமும் வேண்டாம், இதைச் சொல்லாம விட்டா நாளைக்கு மாப்ளை கடைக்கு இன்னொரு கூட்டம் சண்டைக்கு வந்துரும். இருந்தாலும் ஒரே குடும்பம்தான, ஃபோம் ஆலைல கவசம் இல்லாம வேலை செஞ்சு ஆஸ்துமா வாங்குனவங்க உலகம் பூரா இருக்காங்க.

ஒரு மனக்கணக்கு போடுங்க. விறைப்பான ஃபோம்ல எடைல பாதிக்கு மேல ஐசோதான், பாலியால் ஒரு நாப்பது பங்குன்னு வெச்சுக்கங்க. அந்த நாப்பதுல முப்பது சதவீதம் லிக்னின் போட்டா 100 கிலோ ஃபோம்ல எவ்ளோ? 12 கிலோ. மீதி 88 கிலோவும் பழைய சரக்கேதான். இதுக்கு "மரத்து ஃபோம்"னு பேரு வெச்சா பன்னெண்டு சொட்டுப் பாலு ஊத்தின டீத்தண்ணிய பாலுன்னு விக்கற கதைதான். பாலியால் முழுசையும் லிக்னினா மாத்தினாலும் விறைப்பான ஃபோம்ல பாதிக்கு மேல ஐசோ உக்காந்திருக்கும். அதனால ஒரு கம்பெனிக்காரன் "பயோ ஃபோம்"னு விளம்பரம் குடுத்தா உங்க நிருபர் கேக்க வேண்டியது ஒரே கேள்வி, மொத்த எடைல மரத்துல இருந்து வந்தது எத்தனை சதவீதம், எழுத்துல குடுங்கன்னு.

ஐசோவே இல்லாமப் பண்றவங்களும் இருக்காங்க, அதையும் சொல்லிடறேன். சவுத் கரோலினால கிளெம்சன் யூனிவர்சிட்டில ஜேம்ஸ் ஸ்டெர்ன்பெர்க்கும் ஸ்ரீகாந்த் பில்லாவும் 2020 வாக்குல லிக்னின்ல கார்பனேட்டு சேத்து, அதை ஐசோவுக்குப் பதிலா அமீன்ங்கற சரக்கோட கோத்து ஃபோம் பண்ணிக் காட்டினாங்க, பின்னாடி அந்த ஃபோமையே உடைச்சு திரும்பப் பயன்படுத்தற முறையும் வெளியிட்டாங்க. உங்க டாட்டாவுக்கு கிட்டக்க வர்றது இதுதான், ஆனா அது லேப்பு அளவு. இதைப் பத்தி எழுதியிருந்தீங்கன்னா நானே அரைப்பக்கம் கத்தரிச்சு வெச்சிருப்பேன்.

எங்க ஒத்து வரும்னு கேட்டா, என் அபிப்ராயம், மெத்தைல கடைசியாத்தான் வரும். ஃபிரிட்ஜ் சுவருக்குள்ள அடைக்கற ஃபோம், கோல்ட் ஸ்டோரேஜ் பேனல், பசை இதுக்கெல்லாம் விறைப்பா இருந்தாத்தான் நல்லது, கலரும் யாரு கண்ணுக்கும் தெரியாது. பிளைவுட் பசைல ஏற்கனவே வந்துருச்சு, பின்லாந்துல யூபிஎம் கம்பெனி ஃபீனாலுக்குப் பதிலா ஒரு பங்கு லிக்னின் போட்டு பிளைவுட்டே விக்கறாங்க. நார்வேல போரெகார்டு ஆலைல ஸ்புரூஸ் மரத்து லிக்னின்ல இருந்து வெனிலா எசன்ஸே எடுக்கறாங்க, ஐஸ்கிரீம்ல போடற அதே வாசம். ஆனாலும் எங்க தொழில்ல ஒரு பழைய பேச்சு உண்டு, லிக்னின்ல எதை வேணா பண்ணலாம், பணம் மட்டும் பண்ண முடியாதுன்னு.

நம்ம ஊர்ல பண்ணலாமான்னு கட்டுரை கடைசில ஒரு கேள்வி போட்டிருந்தீங்க. பண்ணலாம், ஆனா பின்லாந்து ஃபார்முலாவை அப்படியே தூக்கிட்டு வந்தா ஆகாது. அங்க பைன், ஸ்புரூஸ், இங்க சவுக்கு, தைலமரம், அது ஒரு ஜாதி லிக்னின், இது வேற ஜாதி, கொக்கி எண்ணிக்கையே மாறும். கரூர்ல டிஎன்பிஎல் மாதிரி கரும்புச்சக்கைல கூழ் எடுக்கற எடத்துல அது மூணாவது ஜாதி, அதுல சிலிக்கா வேற சேந்து வரும், எவாப்பரேட்டர் ட்யூப்புல கல்லாட்டம் படிஞ்சு உசிரை எடுக்கும். இன்னும் கேட்டா ஒரே மில்லுல இந்த வாரம் சவுக்கு அதிகம், அடுத்த வாரம் தைலமரம் அதிகம், லிக்கரே மாறிப்போகும், நாங்களே பாய்லர் காத்தை மாத்தி மாத்தி வெச்சு ஓட்டுவோம். ஃபோம்காரனுக்கு டெய்லி ஒரே சரக்கு வேணும், இல்லைன்னா அவன் ஃபோம் பிளாக்கு உள்ள விரிசல் விட்டுப் போகும். இந்த ஒரு தலைவலிதான், என்னைக் கேட்டா, மத்த எல்லாத்தையும் விடப் பெருசு.

இன்னொண்ணு மறந்துட்டேன். மரத்துல இருந்து வந்ததால மண்ணுல மக்கிரும்னு ஒரு வரி எழுதிட்டீங்க. மரத்துலயே லிக்னின் லேசுல மக்காதுங்க, வெள்ளைப்பூசணம் மாதிரி சில காளானுக்குத்தான் அதைக் கரைக்கற சக்தி. அதைப் போயி ஐசோவோட கோத்து வலையாக்கிட்டா குப்பைமேட்டுல வருஷக்கணக்குல அப்படியே கெடக்கும். அந்த டீச்சரம்மா இதைத்தான் மொதல்ல கேட்டாங்களாம், பழசானா தோட்டத்துல பொதைச்சுரலாமான்னு.

சுனிலா விஷயமும் மக்கற விஷயமும் மட்டுமாவது அடுத்த ஞாயிறு திருத்தம் போடுங்க. அந்த மரத்து மெத்தை எங்க கெடைக்கும்னு உங்க ஆபீசுக்கு யாராச்சும் ஃபோன் பண்ணினா பவானிப் பக்கம் மட்டும் கையக் காட்டிராதீங்க, எங்க மாப்ளைகிட்ட இருக்கறது 32 டென்சிட்டியும் 40 டென்சிட்டியும், பழைய துண்டை ஒட்டிப் பண்ற ரீபாண்டட்டும்தான்.

இப்படிக்கு,
ஒரு பழைய பாய்லர்காரன்,
ஈரோடு மாவட்டம்.